கோவைக் கிணற்று மோட்டாரும் வீணாகும் வாட்டும்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்திருப்பதால் அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. பவானியும் நொய்யலும் அமராவதியும் நனைக்கும் குறுகிய நிலப்பட்டைகளை விட்டால், எஞ்சிய மேட்டு நிலம் முழுவதும் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றையே நம்பி வந்துள்ளது. அக்கிணறுகள் பெரும்பாலும் கடும்பாறையைத் தகர்த்து இறக்கப்பட்டவை. வெட்டுவதற்கு ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பும் உழைப்பும் வேண்டியிருந்தது. வெட்டிய பிறகும் நீர் ஆழத்தில் கிடந்தது. ஆற்றுப் பாசனத்தில் மடையைத் திறந்தால் வந்துவிடும் நீரை இங்கு ஒவ்வொரு நாளும் உடலுழைப்பால் மேலேற்ற வேண்டியிருந்தது. நீர் இறைக்கும் பொறிகளின் தலைநகராகக் கோயம்புத்தூர் பிற்காலத்தில் உருவெடுத்ததற்கான முதற்காரணம் இந்த நில அமைப்பே.

ஆயிரம் லிட்டர் நீரைப் பத்து மீட்டர் உயர்த்துவதற்கு இயற்கை விதிப்படி 27 வாட்-மணி ஆற்றல் தேவை. ஒரு வாட்-மணி என்பது ஒரு வாட் திறனை ஒரு மணி நேரம் செலவிடுவதற்கு ஈடானது. மாடு இழுத்தாலும், எண்ணெய் இயந்திரம் இயங்கினாலும், சூரிய ஒளி விழுந்தாலும் இந்த 27 மாறுவதில்லை. இறைக்கும் கருவி அதற்கு மேல் எவ்வளவு கேட்கிறது என்பதுதான் மாறுகிறது. பெற்ற ஆற்றலில் எத்தனை விழுக்காடு வேலையாக மாறுகிறது என்பதைப் பயனுறுதிறன் என்று குறிப்பது வழக்கம். கோவையின் பம்புத் தொழில் கடந்துவந்த நூற்றாண்டை, அந்த 27-க்கு மேல் வீணாகும் ஆற்றலுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்னும் கேள்வியின் வழியாகப் படிப்பதே பொருத்தமானது. விலை கொடுப்பவர் மாறியபோதெல்லாம் மோட்டாரின் உள்ளமைப்பும் மாறியிருக்கிறது.

மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை முறையில் விலை கொடுத்தவை மாடும் மனிதனும். கிணற்று விளிம்பில் நிறுத்திய கற்கால்களின் மேலே கப்பியும், கீழே உருளையும் பொருத்தப்பட்டிருக்கும். சால் என்னும் கொள்கலத்தின் வாயிலிருந்து வடக்கயிறும், அதன் அடியில் தைக்கப்பட்ட தோல் வாலின் நுனியிலிருந்து வால்கயிறும் நுகத்தடிக்குச் செல்லும். மாடுகள் சரிவில் இறங்கும்போது இரு கயிறுகளும் ஒன்றாக இழுபட, தோல் வால் மேல்நோக்கி மடிந்து நீரைக் காத்துக்கொள்ளும். சால் விளிம்பை எட்டியதும் வால் தொட்டிக்குள் விரிந்து, ஆள் தொடாமலே நீர் கொட்டிவிடும். பின்னர் மாடுகள் பின்னடியாகவே சரிவில் ஏற, வெற்றுச் சால் நீருக்குள் இறங்கும். மாட்டின் உழைப்போடு அதன் உடல் எடையையும் இழுவிசையாக்கும் நோக்கில் அமைந்த அந்தச் சரிவுப் பாதை, ஏட்டுக் கல்வியைச் சாராத தேர்ந்த பொறியியலுக்குச் சான்று. ஓர் இணை மாடு இடைவிடாமல் தரக்கூடிய திறன் ஒரு குதிரைத் திறனை எட்டுவது அரிது. ஆகவே கயிறு கப்பியில் உராய்ந்தாலும், தோலில் ஓட்டை விழுந்து வழியிலேயே நீர் ஒழுகினாலும், அன்று மாலைக்குள் பாத்தி ஒன்று காய்ந்து நிற்கும். இழப்பைக் கண்ணால் கண்ட உழவர் அன்றே ஓட்டையைத் தைத்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் இந்த இறைப்பு முறைகளை அளவெடுத்து ஆராய்ந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியராக இருந்து மாகாணத்தின் தொழில்துறை வளர்ச்சிப் பொறுப்பை ஏற்ற அவர், ஏற்றத்தையும் கவலையையும் இழிவாகக் கருதாமல், எவ்வளவு நீர், எவ்வளவு உயரம், எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு எண்ணெய் இயந்திரப் பம்புகளுடன் ஒப்பிட்டார். எண்ணெய் இயந்திரங்கள் மாகாணத்தின் பல பகுதிகளில் பரவத் தொடங்கினாலும், சிறு உழவருக்கு அவற்றின் விலையும் எரிபொருட் செலவும் எட்டாத உயரத்திலேயே இருந்தன.

நிலைமையைப் புரட்டிப்போட்டது பைக்காரா. நீலகிரியில் ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து விழும் நீரைச் சிங்காராவில் சுழலியில் செலுத்தும் நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்கம்பிகள் கோயம்புத்தூரை அடைந்ததும் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகள் பெருகியதால் அவற்றின் பொறிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும், வார்ப்பிரும்பு உருக்கும் ஃபவுண்டரிகளும், லேத்து வேலை அறிந்த இளைஞர்களும் பெருகினர். கிணற்று மேட்டில் மின்கம்பம், நகரத்தில் வார்ப்படத் தொழில், இரண்டுக்கும் நடுவே சொந்த நிலமும் கிணறும் உடைய பட்டறை முதலாளிகள் என்று மூன்றும் ஒரே வட்டாரத்தில் கூடியதுதான் கோவையின் நற்பேறு. பம்பு செய்தவர் பலரும் அதைத் தம் உறவினரின் கிணற்றில் இறக்கிப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தனர். குறை இருந்தால் அடுத்த வாரமே காதுக்கு வந்துவிடும்.

1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தின் வழியாக நெசவுப் பொறித்துறைக்குச் சென்றார். 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் மாணவர்களுக்குப் பயிற்சியளித்துக்கொண்டே மோட்டார்களும் பம்புகளும் செய்து விற்றது. அங்குப் பயின்றவர்கள் வெளியேறித் தனிப்பட்டறை வைத்தனர். ஒருவர் வார்ப்படம், ஒருவர் கடைசல், ஒருவர் ஸ்டாம்பிங், ஒருவர் வைண்டிங் என்று வேலையைப் பகிர்ந்துகொள்ளும் ஜாப் ஆர்டர் முறை இதன் விளைவு. இன்று நாட்டின் பம்பு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி கோவையுடையது என்று தொழில்துறையினர் கூறும் நிலைக்கு அந்தச் சிறுபட்டறைப் பின்னலே அடித்தளம்.

அம்மோட்டாரின் உள்ளமைப்பை இங்குச் சற்றே விளக்க வேண்டும். மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் மின்காப்புப் பூச்சு இருக்குமாறு அடுக்கி, அவ்வடுக்கின் காடிகளில் செம்புக் கம்பியைச் சுற்றினால் அது நிலையகம், அதாவது ஸ்டேட்டர். நடுவே சுழலும் ரோட்டாரில் அலுமினியமோ செம்போ சட்டங்களாகப் பதிந்திருக்கும். ஸ்டேட்டரில் சுழலும் காந்தப்புலம் ரோட்டாரில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தன் பின்னே இழுத்துச் செல்வதால் இதற்குத் தூண்டல் மோட்டார் என்று பெயர். ரோட்டார் புலத்தைவிடச் சற்றே மெதுவாகச் சுழன்றால்தான் தூண்டல் நிகழும். நழுவல் எனப்படும் அந்த வேக வேறுபாட்டின் அளவுக்கு ஆற்றல் ரோட்டாரிலேயே வெப்பமாகிவிடுகிறது. செம்புக் கம்பியின் மின்தடையால் ஒரு பங்கும், தகடுகள் மீண்டும் மீண்டும் காந்தமேறி இறங்குவதால் ஒரு பங்கும், பேரிங்கின் உராய்வால் ஒரு பங்கும் இழப்பாகின்றன. செம்பைக் கூட்டினாலும், தகட்டின் தரத்தை உயர்த்தினாலும், காற்றிடைவெளியைக் குறைத்தாலும் இழப்பு குறையும். ஆனால் ஒவ்வொன்றும் மோட்டாரின் விலையை ஏற்றும்.

விலை ஏறினாலும் பரவாயில்லை என்று வாங்குபவர் சொல்ல வேண்டுமானால், இழப்பு அவருடைய மடியைத் தொட வேண்டும். மின்கட்டணம் யூனிட் கணக்கில் வாங்கப்பட்ட காலத்தில் அது தொட்டது. யூனிட்டுக்கு ஓரிரு பைசா உயர்வை எதிர்த்து 1970இல் எழுந்த கிளர்ச்சியில் பெருமாநல்லூரில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதும், 1972இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகள் திரண்டு கோயம்புத்தூர் நகரை முடக்கியதும், கிணற்று மின்சாரம் கொங்கு வேளாண்மையில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகின்றன. கிணற்று நீரை நம்பியவருக்கு ஆற்றுப் பாசனத்தாரைவிட நீர் பன்மடங்கு செலவானது என்னும் அவர்களுடைய வாதம் நியாயமானதே. 1984இல் சிறு உழவர்களுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் அனைத்து உழவர்களுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று.

அந்த நியாயத்தின் மறுபக்கத்தில் மோட்டாரின் தரம் சரிந்தது. மின்சாரத்துக்கு விலை இல்லாததால் வாங்குபவரின் கேள்வி மாறியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று எவரும் கேட்கவில்லை, வோல்டேஜ் இறங்கினாலும் எரியாமல் ஓடுமா என்றே கேட்டனர். மின்பாதையின் கடைக்கோடியில் 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட வெகுவாகக் குறைந்தே வந்தது. மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வந்ததால், இருமுனை மின்சாரத்திலும் கன்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டும் பழக்கம் பரவியது. இந்தக் கொடுமைகளைத் தாங்கும் மோட்டாரையே கோவை செய்து கொடுத்தது. அதைத் தொழிலின் வீழ்ச்சி என்று பழிப்பது தவறு. சந்தை கேட்டதை அது நேர்மையாகச் செய்தது. ஆயினும் பெயர்ப்பலகையில் 5 குதிரைத் திறன் என்று பொறித்த மோட்டார் அதற்கும் மேலாக இழுப்பதும், தடித்த குழாய்க்குப் பதில் மெல்லிய குழாயையும் நீரோட்டத்தை நெருக்கும் ஃபுட் வால்வையும் பொருத்துவதும் இயல்பாகிப்போயின.

பழுதுபார்க்கும் முறை இழப்பை மேலும் கூட்டியது. எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் கொங்கு நாட்டில் இல்லை. அக்கடைகளின் திறமையால்தான் பயிர்கள் பிழைத்தன. வார்னிஷில் உறைந்த பழைய செம்பைப் பிரித்தெடுக்க ஸ்டேட்டரைத் தீயிலிட்டுச் சூடாக்குவது அங்கு வழக்கம். தீயின் வெப்பம் அளவு கடந்தால் தகடுகளுக்கிடையேயான காப்புப் பூச்சு கருகிவிடும். தகடுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டு, காந்தப்புலம் மாறும்போதெல்லாம் வீண் மின்னோட்டங்கள் அவற்றில் சுழலத் தொடங்கும். வெளிப்பார்வைக்குப் புது மோட்டார் போலவே ஓடும். ஆனால் ஒவ்வொரு முறை கட்டப்படும்போதும் அதன் பயனுறுதிறன் சற்றே இறங்கியிருக்கும். மின்கம்பியிலிருந்து நீர் வரையிலான மொத்தப் பயனுறுதிறன் 20 முதல் 30 விழுக்காடே என்று இந்தியக் களஆய்வுகள் பல கண்டன. இதன்படி 27 வாட்-மணி போதுமான வேலைக்கு ஏறத்தாழ 90 முதல் 135 வாட்-மணி வரை செலவாகியது. எஞ்சியது கிணற்றுக்குள் வெப்பமாகப் போயிற்று. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின்இணைப்புகள் கொண்ட மாநிலத்தில் அந்த இழப்பைச் சுமந்தது மின்வாரியமும் அரசுக் கருவூலமும். கிணற்றடியில் நின்றவருக்கு அது தெரியவே இல்லை.

இதற்கிடையில் உலகின் வேறொரு மூலையில் வேறொரு கணக்கு தொடங்கியிருந்தது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வெளிப்படுத்தப்பட்ட சிலிக்கான் சூரிய மின்கலம் ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. பிரான்சின் டொமினிக் கம்பானா கோர்சிகாவில் சூரியப் பலகையால் இயங்கும் பம்பை நிறுவிக் காட்டியதைப் பின்பற்றி, 1970களில் வறட்சியால் வாடிய மாலி நாட்டில் பெர்னார் வெர்ஸ்பியரன் என்னும் பாதிரியார் சூரியப் பம்புகளைப் பரப்பினார். இந்தியாவில் சாகிபாபாத்தின் சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் மின்கலங்களை உருவாக்கியது. 1990களில் மத்திய அரசு சூரியப் பம்புத் திட்டத்தைத் தொடங்கியது. பலகை அன்று பொன்விலை விற்றது. மோட்டார் வீணாக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் கூடுதல் பலகை வாங்க வேண்டியிருந்ததால், கவலைக் காலத்திற்குப் பிறகு முதன்முறையாக இழப்பு மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். 5 குதிரைத் திறன் என்பது தண்டில் ஏறத்தாழ 3.7 கிலோவாட். 80 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட மோட்டார் அதற்கு 4.6 கிலோவாட்டுக்குச் சற்று மேல் கேட்கும். 90 விழுக்காடு கொண்டது 4.1 கிலோவாட்டோடு நின்றுவிடும். இடைப்பட்ட அரை கிலோவாட்டை ஈடுகட்ட 335 வாட் பலகை ஒன்றரை வேண்டும். கொங்கு நாட்டு வெயிலில் பலகை சூடேறும்போது ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறன் குறையுமாதலால் அதற்கும் மேலேயே வேண்டும். மின்சாரம் இலவசமாக இருந்தபோது ஒரு பொருட்டாகவே கருதப்படாத பத்து விழுக்காடு, இப்போது இரும்புத் தாங்கியின் மேல் ஏற்றி நிறுத்த வேண்டிய கண்ணாடிப் பலகையாகவே எதிரில் நின்றது.

ஆனால் கம்பிவழி மின்சாரத்துக்குப் பழகிய மோட்டாரைச் சூரியப் பலகையோடு நேரடியாகப் பிணைக்க இயலாது. கம்பியில் வரும் மின்சாரம் கேட்ட அளவு கிடைக்கும். பலகையோ வெயில் தரும் அளவே தரும், அதுவும் குறிப்பிட்ட ஒரு மின்னழுத்தத்தில் இயக்கினால்தான் முழுமையாகத் தரும். உச்சத்திறன் புள்ளி எனப்படும் அந்த நிலை வெயிலோடும் வெப்பத்தோடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதை நொடிக்கு நொடி தேடிப் பின்தொடர்வதும், பலகையின் நேர்மின்சாரத்தை மாறுதிசை மின்சாரமாக்கி அதன் அதிர்வெண்ணை ஏற்றி இறக்கி மோட்டாரின் வேகத்தை ஆள்வதும் கன்ட்ரோலரின் வேலை. காலையிலும் மாலையிலும் மேகம் மூடும்போதும் மோட்டார் நின்றுவிடாமல் மெதுவாகச் சுழல்வது இதனால்தான். மையவிலக்குப் பம்பில் வேகம் 80 விழுக்காடாகக் குறைந்தால் தேவைப்படும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடுவது உழவருக்கு ஆதாயம். அதே வேளையில் நீரைத் தள்ளும் உயரம் 64 விழுக்காடாகச் சுருங்குவதால், ஆழமான கிணற்றில் மோட்டார் சுழன்றுகொண்டிருக்க நீர் மட்டும் மேலே வராத நேரமும் உண்டு. பம்பை எந்த ஆழத்துக்குத் தேர்ந்தெடுப்பது என்பதை அதன் பெயர்ப்பலகையைவிடக் கிணற்றின் கோடைக்கால நீர்மட்டமே தீர்மானிக்கிறது.

மோட்டார் வகையில் இரு வழிகள் தோன்றின. தொடக்ககால நேர்மின்சார மோட்டார்களில் கார்பன் பிரஷ் தேய்ந்துபோகும். நீருக்குள் மூழ்கிய பொறியில் அதை மாற்றுவது பெருந்தொல்லை. 1980களின் முற்பகுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம் இதற்கு விடை தந்தது. நிலைக்காந்தத்தை ரோட்டாரில் பதித்தால் அதில் மின்னோட்டத்தைத் தூண்ட வேண்டியதில்லை; நழுவலும் இல்லை, ரோட்டாரின் செம்பிழப்பும் இல்லை. பிரஷ் இல்லாத நேர்மின்சார மோட்டார் எனச் சந்தையில் வழங்கும் இவ்வகை, பயனுறுதிறனில் தூண்டல் மோட்டாரை விஞ்சுகிறது. மற்ற வழி, கோவை தலைமுறைகளாக அறிந்த தூண்டல் மோட்டாரையே செம்பு கூட்டி, நல்ல தகடு போட்டு, கன்ட்ரோலரோடு இணைப்பது; அதன் விலை குறைவு, எந்த ஊரிலும் பழுதுபார்க்கலாம். மத்திய அரசின் விதிமுறை இரண்டையும் ஏற்றுக்கொண்டு அளவுகோலை மட்டும் பிரித்தது: பத்து மீட்டர் உயரத்துக்கு, பலகையின் ஒவ்வொரு வாட் உச்சத்திறனுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் நாளொன்றுக்குக் குறைந்தது 100 லிட்டரும், தூண்டல் மோட்டார் 90 லிட்டரும் தர வேண்டும் என்றது.

மோட்டாரை மட்டும் சோதனை மேசையில் ஏற்றிச் சான்றளிக்கும் பழைய வழக்கத்தை இந்த அளவுகோல் மாற்றியது. அது சதுர மீட்டருக்கு 7.15 கிலோவாட்-மணி ஒளி விழும் நாளை அடிப்படையாகக் கொண்டது. அன்று ஒரு வாட் பலகை பெயரளவில் 7.15 வாட்-மணி தரும். 100 லிட்டரைப் பத்து மீட்டர் உயர்த்த 2.7 வாட்-மணி போதும். ஆகவே பலகையின் சூடு, கன்ட்ரோலரின் இழப்பு, மோட்டார், பம்பு என அனைத்தையும் சேர்த்து ஏறத்தாழ 38 விழுக்காட்டைக் காட்டினால்தான் தேர்ச்சி. தூண்டல் மோட்டாருக்கு அது 34 விழுக்காடு. கிணற்றின் வாயில் விழும் லிட்டரையே எண்ணும் இந்த முறை, சால் கணக்கில் நீரை அளந்த கவலைக் காலத்து நேர்மைக்கு மிக அருகில் இருக்கிறது.

2019இல் தொடங்கப்பட்ட பி.எம். குசும் திட்டத்தோடு சூரியப் பம்பு பெருந்தொகையாகப் பரவத் தொடங்கியதும் புதிய கவலையும் எழுந்தது. பலகை நிறுவியபின் வெயிலுக்கு விலை இல்லை. பயனுறுதிறன் மிக்க மோட்டார், ஏற்கெனவே 1,000 அடிக்கும் கீழே தேடப்படும் நிலத்தடி நீரை மேலும் விரைவாக இறைத்துவிடக்கூடும். குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள துண்டி கிராமத்து உழவர்கள் இதற்கு ஒரு வழி காட்டினர். 2016 முதல் தங்கள் சூரியப் பம்புகளின் மிகை மின்சாரத்தைக் கூட்டுறவாக மின்தொகுப்புக்கு விற்றதால், வீணாக இறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அவர்களுக்கு இழந்த வருவாயாயிற்று. இலவசம் அழித்த கணக்கை, விற்பனை மீட்டுத் தந்தது. தொகுப்போடு இணைந்த கிணறுகளுக்குப் பலகை அமைக்கும் பிரிவு குசும் திட்டத்திலும் உண்டு.

இம்மாற்றத்தில் இதுவரை எவரும் போதிய அக்கறை காட்டாத ஓர் இடம் காயில் கட்டும் கடை. தூண்டல் மோட்டாரை மீட்டர், டெஸ்ட் லாம்ப், கைத்திறன் ஆகியவற்றைக் கொண்டே சரிசெய்த அக்கடைக்கு, நிலைக்காந்த ரோட்டாரைக் கழற்றும்போதே முதற்சிக்கல் எதிர்ப்படுகிறது: ஸ்டேட்டரின் இரும்பை நோக்கி அது வெடுக்கென்று பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், விரல் இடையில் இருந்தால் நசுங்கும். நீரும் காற்றும் பட்டால் காந்தம் துருப்பிடிக்குமாதலால் துருப்பிடிக்காத எஃகு உறைக்குள் அது அடைக்கப்பட்டிருக்கும். உறையில் கீறல் விழுந்தால் ரோட்டார் முழுவதுமே பயனற்றுப்போகலாம். வெப்பம் மிகுந்தால் காந்தம் தன் வலிமையை நிரந்தரமாக இழக்கும். இழந்ததைக் கண்டறியும் கருவி அக்கடைகளில் இல்லை. கன்ட்ரோலர் பழுதானாலோ பலகை நிறுவிய நிறுவனத்தின் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதே. காந்தத்துக்குப் பெரும்பாலும் சீனாவை நம்பியிருக்கும் நிலையில், காந்தமே இல்லாமல் ரோட்டார் தகட்டின் வடிவத்தாலேயே சுழற்சியைப் பெறும் ஒத்தியங்கு மோட்டார்களைச் செய்துபார்க்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன; தகடு வெட்டுவதிலும் அடுக்குவதிலும் எண்பதாண்டுப் பழக்கமுள்ள கோவைக்கு அது தெரிந்த வேலைக்கு நெருக்கமானது. அதுவரை பெரும்பாலான சூரியக் கிணறுகளில் இறங்குவது செம்புச் சட்டம் பதித்த பழைய தூண்டல் நீர்மூழ்கி மோட்டாரே. அது எரிந்தால் உழவர் அதே நாளில் அதே கடைக்குத் தூக்கிச் செல்கிறார், கடைக்காரர் அதைத் தீயிலிடாமல் அளவான வெப்பத்தில் பிரித்தெடுக்கக் கற்றிருந்தால் பலகைக்குக் கொடுத்த பணம் காப்பாற்றப்படுகிறது.